ஆளுயர வஞ்சிரம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடியில் மூன்று மணி வெயில் வழிகிறது. இதய அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாளாகியும் நஃபீசா கண் திறக்கவில்லை. இயந்திரம்தான் அவளுக்காக மூச்சு விடுகிறது. பக்கத்தில் அவள் கணவர் அப்துல் முத்தலிப். அவர் வாய்க்குள் கொசு நுழைந்தால் யானையாகத்தான் வெளியே வரும்; அந்த யானையை மறுபடி கொசுவாக்குவது நாற்பது வருடமாக நஃபீசாவின் வேலை. "பேசுங்க அங்கிள். பழகின குரலைக் கேட்டா குழப்பம் குறையுதுன்னு ஆய்வுல போட்டிருக்கு," என்கிறாள் தாதி நிவேதிகா, மருந்துக் குழாயைச் சரிபார்த்தபடி. "எல்லாருக்குமா?" "இல்ல லா, சில பேருக்குத்தான்." அவர் மனைவியின் காதருகே குனிகிறார். "நஃபீசா, லட்சம் பேர்கிட்ட பேசிப் பார்த்தாங்களாம். லட்சம் பேரும் எழுந்து உக்காந்து கோப்பி கேட்டாங்களாம்." நிவேதிகாவின் முகக்கவசம் சிரிப்பில் குலுங்குகிறது. நஃபீசாவின் புருவம் அசையவில்லை. "இன்னிக்குத் தேக்கா மார்க்கெட்டுல வஞ்சிரம் வாங்கினேன். என் உயரம் இருக்கும். டாக்சியில அதுக்குத் தனி சீட்டு, பெல்ட்டு வேற." உஸ்ஸென்று இயந்திரம் மட்டும் பதில் சொல்கிறது. 'அளக்காதீங்க' என்கிற அந்த ஒரு சொல்லுக்காக, அவள் விரல்களைப் பிடித்தபடி அவர் காத்திருக்கிறார். வெயில் போர்வையின் ஓரத்துக்கு நகர்கிறது. "சரி, என் உயரமில்ல. இடுப்பளவு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "முழங்கையளவு." பச்சைக் கோடு திரையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அவர் குரல் இன்னும் தணிகிறது. "மீனே வாங்கல, நஃபீசா. தேக்கா வரைக்கும் போய், வாசல்லயே திரும்பிட்டேன்."