எத்தனை பிரதி?

"அந்த வீடியோவை அழிப்பியா, மாட்டியா?" மேனேஜர் மேசையைத் தட்டினார்.

"மாட்டேன் சார். தீப்பிடிச்ச கிடங்குக் கதவை வெளியில பூட்டச் சொன்னது நீங்கதான்னு காட்டறது அது ஒண்ணுதான்" என்றாள் நெட்வொர்க் இன்ஜினீயர்.

"அப்ப நடையைக் கட்டு. நானே பார்த்துக்கறேன்!"

போனால் போகிறது வேலை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் போட்டுவிட்டு வந்தாள்.

அவள் தன் சாமான்களைப் பையில் அடுக்கி முடிப்பதற்குள், பேயறைந்த முகத்தோடு மேனேஜர் ஓடிவந்தார்.

"அழிக்கறதுக்கு முன்னாடி, வேற எங்கயாவது இருக்கான்னு எல்லாக் கிளை ஆபீஸ்லயும் அந்த வீடியோவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். எல்லா இடத்துலயும் இருக்காமே! எப்ப அனுப்பின?"

"நான் எங்கே அனுப்பினேன்? யார் எங்கிருந்து திறந்தாலும், அடுத்தவங்களுக்குச் சட்டுனு கிடைக்கட்டும்னு அங்கேயே ஒரு பிரதி தங்கிடும். ஒண்ணை அழிச்சா மத்ததுலேர்ந்து தானா வந்துடும். நம்ம நெட்வொர்க்கே அப்படித்தான் சார். நான் விளக்கினப்ப நீங்க தூங்கி வழிஞ்சீங்க."

"அப்ப... முதல்ல எத்தனை இடத்துல இருந்துச்சு?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இங்க மட்டும்தான் சார், நீங்க தேடச் சொல்ற வரைக்கும்."