விருந்தினர் சீட்டு

நகர மண்டபத்தின் கண்ணாடி வழியே மதிய வெயில் தூரிகை எழுத்துக் கண்காட்சியின் மேல் சாய்ந்து விழுகிறது. ஜப்பானின் இந்தச் சிற்றூரில் பதினாறு வருடமாக ஆங்கிலம் கற்பிக்கும் ப்ரோன்வென் தன் எழுத்தைத் தேடி நடக்கிறாள். தூரிகை எழுத்து வகுப்பில் கூடப் படிப்பவர்களுடையவை எல்லாம் உள்ளே, பட்டுச் சட்டங்களில் இருக்கின்றன. அவளுடையது வாசலருகே, மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் தாள்களுக்கு நடுவே தொங்குகிறது. அதன் கீழே ‘வெளிநாட்டு விருந்தினர்’ என்று ஒரு சீட்டு. அவள் நகக்கண்ணில் மை இன்னும் போகவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும் சுகிமோரி அம்மாள் விசிறியை மடக்கியபடி வருகிறாள். “எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க டீச்சர். வெளியூர்க்காரங்க கைன்னு சொல்லவே முடியாது. ஆமா, உங்க ஊருக்கு எப்பத் திரும்பிப் போறீங்க?” ‘இதுதாங்க என் ஊர்’ என்று சொல்ல ப்ரோன்வென் வாயெடுக்கிறாள். பிறகு இடுப்பு வளையக் குனிந்து வணங்குகிறாள். “இன்னும் முடிவு பண்ணலைங்க.”