தோழர் மணிமாறனின் முறை

இன்னும் பத்து நிமிடத்தில் அவள் முறை.

உப்புப் போட்ட வெந்நீரில் கால் இரண்டையும் விட்டுக்கொண்டு அடுக்களை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். சத்தத்தை அணைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணி. குழுவில் சுயவிமர்சன நேரம்.

பதினான்கு பேர். வாரத்துக்கு இரண்டு பேர் தன் தவறைத் தானே எழுத வேண்டும். சாக்குச் சொல்லக் கூடாது. எழுதியபின் பத்து நிமிடம் யாரும் பதில் போடக் கூடாது. கட்டைவிரல்கூடக் காட்டக் கூடாது.

இந்த விதிகளை எழுதியது அவள் மகன் யுகேந்திரன்.

சுவருக்கு அந்தப் பக்கம், தாழ்ப்பாள் போட்ட அறையில் இருக்கிறான்.

மணிமாறன் யார் என்று அவனுக்குத் தெரியாது.

எல்லாம் அவள் தம்பி செய்த வேலை. எட்டு மாதத்துக்கு முன் தலையில் அடித்துக்கொண்டு வந்தான். பையன் ஏதோ கம்யூனிஸ்ட் குரூப்பில் மாட்டிக்கொண்டானாம். குண்டு வைக்கச் சொல்லித் தருவார்களாம். பெற்றவளையே காட்டிக்கொடுக்கச் சொல்வார்களாம். மணிமாறன் என்று ஒரு பொய்ப் பெயரை வைத்து அவளைக் குழுவுக்குள் நுழைத்துவிட்டதும் அவன்தான்.

"உள்ள போய்ப் பாருக்கா. ஏதாச்சும் சிக்கும்."

போனாள். பார்த்தாள்.

முதல் வாரம், புத்தகத்தில் ஒரு பத்தியை யார் படிப்பது என்று ஓட்டெடுப்பு. இரண்டாம் வாரம், அந்த ஓட்டெடுப்பு செல்லுமா என்று விவாதம். மூன்றாம் வாரம் ஒருவருக்குக் காய்ச்சல். மற்ற பதின்மூன்று பேரும் ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். அவளும்தான்.

குண்டாவது ஒன்றாவது! ஊசிப் பட்டாசு வெடிப்பதற்கே இவர்கள் தீர்மானம் போட வேண்டும்.

தம்பி விடவில்லை. வாராவாரம் போன். இன்று காலையும் கூப்பிட்டான். படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்று சொன்னாள். அதெல்லாம் வெளிவேஷம், இன்னும் உள்ளே போ என்றான்.

இதற்கு மேல் உள்ளே எங்கே போவது? அலுத்துப்போய் வைத்துவிட்டாள்.

ஒருமுறை வேலை நேரத்தைப் பற்றிய பத்தி வந்தது. தன்னைச் சுரண்டுகிறார்கள் என்பது தொழிலாளிக்கு எப்போது தெரியவரும்? மூன்று நாள் வாய்ச்சண்டை. பொறுக்க முடியாமல் அவளும் ஒரு வரி எழுதினாள்.

'முதலில் காலுக்குத்தான் தெரியும்.'

சண்டை அத்தோடு நின்றது.

மறுநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே யுகேந்திரன் பேசினான். அவனாக வாயைத் திறந்தது அந்த ஒருநாள்தான்.

"எங்க குரூப்புல மணிமாறன்னு ஒரு தோழர் இருக்காரும்மா. பெரிய புரொபசராட்ட இருக்குது. என்ன மனுசன் தெரியுமா! ப்ச், உனக்குச் சொன்னா வெளங்காது."

அவள் ரசத்தை ஊற்றினாள். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.

வீட்டில் அவன் அவளிடம் பேசுவதெல்லாம் தண்ணீர், சாவி, சட்டை. மணிமாறனிடம் அப்படி இல்லை. கால்வலி என்று ஒருநாள் எழுதியதுதான் தாமதம், தினமும் விசாரிக்கிறான். 'சாப்பிட்டீர்களா தோழர்? கால் எப்படி இருக்கிறது?'

அதைப் படிக்கத்தான் கம்பெனியில் டீ மணி அடித்ததும் ஓடுகிறாள். ஓடுகிற காலா அது?

உண்மையைச் சொன்னால் அந்த விசாரிப்பு நின்றுபோகும். நண்பர்கள் முன்னால் பையன் தலைகுனிவான். அப்புறம் அந்தக் கதவு திறக்கவே திறக்காது.

அதனால் போன முறை ஒரு பொய்யை எழுதித் தப்பித்தாள். 'கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறேன், திருத்திக்கொள்கிறேன்.' இன்றும் அதையே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள்.

ஆனால் இன்று அவளுக்கு முந்தைய முறை அவனுடையது.

எழுதிவிட்டான். திரும்பத் திரும்பப் படித்தாள்.

'உழைப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசுகிறேன். என் அம்மா இருபது வருடமாக பனியன் கம்பெனிக்குப் போகிறார். அங்கே எந்தப் பிரிவில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் கழித்து எப்படிக் கேட்பது என்று வெட்கமாக இருக்கிறது.'

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மறுபடி படித்தாள். பாவி மகன், இதை இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து சொல்லக் கூடாதா?

பத்து நிமிடம் முடிந்தது.

'அடுத்து தோழர் மணிமாறன்' என்று அவனே எழுதினான்.

நான் மணிமாறன் இல்லை, வேவு பார்க்க வந்தவள், தம்பி பேச்சைக் கேட்டு வந்தேன், மன்னித்துவிடுங்கள். ஒரு விரலால் தட்டித் தட்டிப் பெரிய பத்தியாக எழுதினாள். படித்துப் பார்த்தாள். முழுக்கச் சாக்காக இருந்தது.

அழித்தாள்.

மூன்றே வார்த்தை எழுதினாள்.

'செக்கிங் செக்சன், கண்ணு.'

அனுப்பினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் போன் டிங் என்றது.

மற்ற பன்னிரண்டு பேரும் விதிப்படி சும்மா இருந்தார்கள். தோழர் என்ன சொல்கிறார் என்று குழம்பியிருப்பார்கள், பாவம்.

வெந்நீர் ஆறிவிட்டிருந்தது. காலை வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

ஒரு நிமிடம் போனது.

இரண்டு.

பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதியவன் அவன். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அதை மீறாதவன்.

மூன்றாவது நிமிடம், தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.