மூன்றாவது கிரேன்

படகு வளைந்து திரும்பியதும் அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதிரே கிரேன்கள் வரிசைகட்டி நின்றன.

கட்டிட வேலைக்குப் போன இடங்களில் அவள் பார்த்த கிரேன் எல்லாம் ஒற்றைக்கால். இவை நாலு கால் ஊன்றி நின்றன. அந்தக் கால்களுக்கு நடுவே லாரிகள் அதுபாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

அந்தக் கிரேன்களில் மூன்றாவதை ஓட்டுபவன் அவள் மகன்.

விமானத்திலிருந்து இறங்கிய அன்றைக்கு அவளை அறையில் கொண்டுவந்து விட்டதோடு சரி. புயலுக்குப் பயந்து வெளிக்கடலில் நின்ற கப்பல்கள் ஒரே மூச்சில் துறைமுகத்துக்குள் வந்துவிட்டன. கேட்டு வாங்கிய லீவு போயிற்று. அம்மா தனியாகத்தான் ஊரைச் சுற்ற வேண்டும் என்றான்.

அவளும் சுற்றினாள். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தாள்.

ஒரு கட்டிடம் முழுக்கக் கண்ணாடி. மேகம் அதற்குள் நடந்து போனது. வாழ்நாளெல்லாம் சட்டி சுமந்த சித்தாள் அல்லவா, சாரம் கட்டிய ஓட்டை எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினாள். ஒன்றுகூட இல்லை. கைபடாமல் மண்ணிலிருந்து தானாக முளைத்தது போல நின்றது. நம்ப முடியாமல் கிட்டப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காவலாளி வந்து, கோபப்படாமல், அவள் கைரேகையைத் துடைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் ரயிலில் போனாள். தலைக்கு மேலே கடல் இருக்கும் என்று வேலைக்குப் போகுமுன் மகன் போனில் சொன்னது ஞாபகம் வந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு அடியில் போகிறோமே என்று ஒருத்தர் முகத்திலும் ஓர் அதிசயம் இல்லை. அது அவளுக்குக் கடலைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

ஆனால் அவள் வந்தது இதற்கெல்லாம் இல்லை.

அவன் குழந்தையாகத் தூங்கியது சாரக் கட்டையில் கட்டிய தூளியில். ஒரு நடைக்கும் மறு நடைக்கும் நடுவே அதை ஆட்டிவிட்டுப் போவாள். அந்தப் பிள்ளை உச்சியில் உட்கார்ந்து வேலை செய்வதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். துறைமுகத்துக்குள் வெளியாளை விட மாட்டார்கள். படகிலிருந்து பார்த்தால்தான் உண்டு. நாளைக்கு ஊருக்கு விமானம்.

“மூணாவது கிரேன்மா. கை கிய் காட்டாத, மேலேர்ந்து பார்த்தா நீ எறும்பு” என்று முந்தின நாள் சிரித்திருந்தான்.

எறும்புக்கு மூளை இருந்தது. இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துணியை உருவினாள். அது சும்மாட்டுத் துணி. சட்டி உறுத்தாமல் இருக்கத் தலையில் சுருட்டி வைப்பது. பழக்கத்தில் கூடவே வந்துவிட்டிருந்தது.

கட்டிடத்தில் மேலே கயிறு இழுப்பவனுக்குக் கீழே இருந்து கத்தினால் கேட்காது. துணியைத் தலைக்கு மேலே உயர்த்தி இரண்டு தடவை இறக்கினால், ஆள் விலகியாச்சு, தூக்கு என்று அர்த்தம்.

மூன்றாவது கிரேனின் கழுத்துக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் குனிந்தபடி ஒரு தலை. கீழே, ஒரு வீடு அளவு கன்டெய்னர் நாலு கயிற்றில் இறங்கியது. கப்பல் மேல் அது உட்கார்ந்த விதம், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல இருந்தது. சத்தமே இல்லை.

அவள் துணியை உயர்த்தினாள். இரண்டு தடவை இறக்கினாள்.

கவ்வியிருந்த இரும்புச் சட்டம் பெட்டியை விட்டுவிட்டு வெறுமனே மேலே ஏறியது. பாதியில் நின்றது.

இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. ஏறியது.

அத்தனை பெரிய இரும்பு, அத்தனை உயரத்தில், அவள் துணிக்குத் தலையாட்டியது. பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டு, என் மகன் என்றாள். பாஷை தெரியாத அந்தப் பெண்ணும் என்ன புரிந்துகொண்டாளோ, கிரேனைப் பார்த்துக் கையசைத்தாள்.

படகு கடந்து போகும்வரை துணி இறங்கவில்லை.

சாயங்காலம் மகன் அறைக்கு வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவள் காலடியில் உட்கார்ந்தான். நடந்ததைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான்.

காலையில் திடீரென்று அவனை கன்டெய்னர் அடுக்கும் உள்பக்கத்து யார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். வேலைக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், சொல்ல வழியில்லையாம். மூன்றாவதில் இன்றைக்கு ஏறியவன் புதுப் பையனாம். எந்த நாட்டுக்காரனோ, யாரோடும் பேச மாட்டானாம். வீணாக அலைய வைத்துவிட்டேனே என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சொல்ல வந்ததை அவள் விழுங்கினாள்.

வெகுநேரம் அவன் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சும்மாட்டுத் துணியை எடுத்து, உதறி, நாலாக மடித்து, அவன் கையில் வைத்தாள்.

“அந்தப் புதுப் பையன்கிட்ட இதைக் குடுத்துருடா. சாப்பிட்டானான்னும் கேளு.”