இரண்டு பெயர், ஒரே மருந்து

அவள் உதட்டில் ரத்தம் நின்றுவிட்டது.

அவன் கைமுட்டியில் நிற்கவில்லை.

காலையில் அவன் குத்தியபோது அவள் பல் பட்டுக் கிழிந்த காயம். நகக்கீறல் அளவுதான். கைலியில் துடைத்தான். மறுபடி வழிந்தது. அந்த ஆத்திரத்தில் அவளை உதைக்கக் காலைத் தூக்கியவன், தரையில் சிந்திய தன் ரத்தத்திலேயே வழுக்கி, அடுப்பு மேடையின் கடப்பாக்கல் விளிம்பில் விலா மோத விழுந்தான்.

இப்போது பெரியாஸ்பத்திரி. அவன் வயிறு பானையாக உப்பியிருக்கிறது.

உள்ளே ரத்தம் கசிகிறது, திறந்து தைக்க வேண்டும், ஆனால் கத்தி வைத்தால் வைத்த இடமெல்லாம் பெருகும் என்றார் டாக்டர். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுற்றவிட்டுத் திரும்ப அனுப்பும் இயந்திரம் இருக்கிறதாம். அதில் ஒரு குப்பி. குப்பி நிறையச் சவ்வரிசி போல மணிகள். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சில மருந்துகள் அந்தத் துளைக்குள் போய் அடைந்துகொள்ளும். சில அடையாது.

"என்ன மாத்திரை, எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் மாட்ட முடியும்."

மாமியார் முந்திக்கொண்டாள். நெஞ்சுத் துடிப்பு தப்பியதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க ஒரே மாத்திரைதான், எம்மவன் சோறு தப்பினாலும் மாத்திரை தப்பமாட்டான் என்றாள்.

அவள் பேசவில்லை.

பேசி என்ன கண்டாள்?

ஊர் டாக்டர் எழுதியது நீல மாத்திரை அட்டை. திருநெல்வேலி டாக்டர் எழுதியது வெள்ளை அட்டை. ஒரு டாக்டர் சீட்டை இன்னொருவரிடம் காட்டினால் கோபித்துக்கொள்வார் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. அதனால் அவன் காட்டவில்லை. இரண்டையும் விழுங்கினான். பெயர்தான் வேறு, கீழே பொடி எழுத்தில் மருந்து ஒன்றே என்று அவள் படித்துச் சொன்னாள்.

பத்தாப்பு படிச்ச நாயி வைத்தியம் சொல்லுதோ என்று, அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான்.

மறுநாளிலிருந்து இரண்டையும் அவளே உரித்துத் தட்டோரம் வைத்தாள்.

அவன் கையில், தொடையில், நீலம் பாரித்தது. அடித்தவர் யாருமில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாள்.

இப்போதும் வாய் திறக்காமலிருந்தால் போதும். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். திறந்தால் அவன் பிழைப்பான். வீட்டுக்கு வருவான். பதினோரு நாளும் கூடவே வெளியே வரும்.

டாக்டர் மாமியாரைத் தாண்டி அவள் உதட்டைப் பார்த்தார்.

உள்ளே அவன் அலறினான்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கதவிடுக்கில் விரல் நசுங்கியபோது அவள் போட்டது.

இடுப்புச் சுருக்கிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து நீட்டினாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர். தினமும் ரெண்டையும் குடுத்தேன். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

மாமியாரின் கை அவள் வாய்மேல் விழுந்தது. உதடு மறுபடி பிளந்தது. டாக்டர் அட்டைகளோடு உள்ளே ஓடிவிட்டார்.

மறுநாள் காலை நர்ஸ் வந்தாள். மணிகள் மருந்தை இழுத்துக்கொண்டன, தையலும் போட்டாயிற்று, இனி பயமில்லை என்றாள். கண் விழித்ததும் பெண்டாட்டியைத்தான் கேட்டாராம்.

மாமியார் உள்ளே ஓடினாள்.

அவள் எழுந்து சேலையை உதறிச் சரிசெய்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட் எந்தப் பக்கம் என்று நர்ஸிடம் கேட்டாள்.

மாத்திரையை முதலில் சொல்வதா, உதட்டை முதலில் சொல்வதா?

கடைசிப் படி இறங்கும்வரை அவளுக்குத் தெரியவில்லை.