கரிக்குழாய் மேல் ஒரு படலம்

ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கும் பாளையங்கோட்டை ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் பச்சைத் திரை மட்டும் ஒளிர்கிறது. தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழாய்மேல் தான் பூசிய மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று ஹெப்சிபா தேடுகிறாள். பார்க்க உதவும் எலக்ட்ரான் கதிரே பூச்சைக் கருக்கி அழித்தும் விடும். முந்தைய மாதிரிகளெல்லாம் அப்படித்தான் போயின. வெளியே லாரி போக, படம் நடுங்குகிறது. "நாளைக்குப் பாப்பமா, யம்மா?" என்கிறார் கருவியை இயக்கும் தேவமணி. "இல்லண்ணே, லாரி போவட்டும். கதிரைப் பைய குறைங்க." அதிர்வு அடங்குகிறது. குழாயின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் தெரிகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுக்கிறாள். அடுத்த கணம் திரையில் வெறும் குழாய்தான் இருக்கிறது. "போச்சே!" என்கிறார் தேவமணி. "திரையில போனா போவட்டும்ண்ணே, ஃபிலிம்ல விழுந்துட்டுல்லா!" என்றபடி ஹெப்சிபா ஃபிலிமைக் கழுவ இருட்டறைக்கு எழுகிறாள்.