பத்தியம் இல்லாத மாத்திரை

சமையலறைச் சுவரில் இருந்த வைத்தியப் பெட்டி, மாசிலாமணியின் ஈரல் புற்றுக்கு ஒரே ஒரு மாத்திரையைச் செய்து நீட்டியது.

"பத்தியம்?" என்றார் அவர்.

"எதுவும் இல்லை ஐயா. எல்லாம் சாப்பிடலாம்."

"எங்க சித்த வைத்தியர் வெறும் சளிக்கே புளியை நிறுத்துவார். பத்தியம் இல்லாதது மருந்தே கிடையாது." மாத்திரையைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவர் மனைவி திலகவதி பெட்டியிடம் ஏதோ கிசுகிசுத்தாள்.

மறுநாள் பெட்டி கண்டிப்பாகச் சொன்னது: "புளி, கருவாடு ஆகாது. மனைவியிடம் கத்துவதும் ஆகாது. மீறினால் மருந்து முறிந்துவிடும்."

மாசிலாமணி பயபக்தியோடு விழுங்கினார்.

ஒரு மண்டலத்தில் புற்று கரைந்துவிட்டது. "பத்தியம் முடிந்தது என்று ஐயாவிடம் சொல்லிவிடட்டுமா அம்மா?" என்று பெட்டி கேட்டது.

திலகவதி யோசித்தாள்.

"கருவாடு சாப்பிடட்டும். கத்துறது மட்டும் ஆயுசுக்கும் ஆகாதுன்னு சொல்லு."